கடல்நீரில் ஒலியின் வேகம்: நம்பகமான எண்ணை எங்கே, எப்படி எடுப்பது? ராமநாதபுரம் கடற்கரை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தங்கச்சிமடத்துக்கு வடக்கே நங்கூரம் போட்ட வல்லத்தில் உட்கார்ந்து, சித்திரையில் இரண்டு நாள் ஒரே ஆழத்தைத் திரும்பத் திரும்ப அளந்தேன். ஈயக்குண்டு கட்டிய கயிறு 4 மீட்டர் என்றது. நான் புராஜெக்டுக்காகச் செய்த அல்ட்ராசானிக் கருவி 3.88 என்றது. எத்தனை முறை இறக்கினாலும் அதே 12 சென்டிமீட்டர் குறைச்சல். சென்சார்தான் கோளாறு என்று முடிவு கட்டி, புதிதாக ஒன்று வரவழைத்தேன். பணமும் போச்சு, ஐந்து வாரமும் போச்சு. புது சென்சாரும் 3.88தான் காட்டியது.

ஒலி கடல்தரை வரை போய்த் திரும்பும் நேரத்தை வேகத்தால் பெருக்கித்தான் கருவி ஆழத்தைக் கணக்கிடும். அதன் நிரலில் ‘ஒலியின் வேகம் 1500’ என்று போட்டிருந்தேன். எங்கே பார்த்து எடுத்தேன் என்றுகூட நினைவில்லை. அன்றைக்கு அந்தத் தண்ணீரில் வேகம் நொடிக்கு 1546.6 மீட்டர். வல்லத்துக்காரர் எனக்கு மாமா முறை. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்: “தென்கடல்ல பதினஞ்சு பாகத்துல எங்க எக்கோ அரைப் பாகம் கொறச்சுத்தான் மாப்ள காட்டும். நாங்க கூட்டிக்கிடுவோம்.” தென்கடல் என்றால் மன்னார் வளைகுடா, வடகடல் என்றால் பாக் விரிகுடா. பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். எக்கோ என்பது ஒலி அனுப்பி ஆழம் காட்டும் படகுக் கருவி. கணக்குப் போட்டால் அதுவும் அதே மூன்று சதவீதம்தான்.

சரியான எண்ணைத் தேடப் போனால் அது இன்னொரு கூத்து. ஓரிடத்தில் 1500, ஓரிடத்தில் 1522, இன்னோரிடத்தில் 1531, வேறொன்றில் 1540. எல்லாமே ஒரு விதத்தில் சரி. எதுவுமே எனக்குப் பயன்படவில்லை. நீங்களும் அதே சுற்றுச் சுற்ற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மீன்பிடி எக்கோவுக்காக என்றால் இந்தத் தேடலே வேண்டாம். பல எக்கோக்களில் 1500 என்றுதான் போட்டுவைத்திருப்பார்கள். நம் கடலில் வேகம் அதைவிடக் கூடுதல் என்பதால் கருவி ஆழத்தைக் குறைத்துக் காட்டும். படகு தரை தட்டாமல் இருக்க அது நல்லதுதான்.

கல்லூரி புராஜெக்ட், வாய்க்கால் நீர்மட்டம் என்றால் ஒலிவேகத்தில் நொடிக்கு ஐந்து மீட்டர் பிசகு பரவாயில்லை. துறைமுகத்தில் மண் அள்ளும் வேலைக்கான ஆழ அளவீடு என்றால் வேகத்தின் பிசகு ஒரு மீட்டருக்குள் வேண்டும். கருவியையே தரப்படுத்தும் ஆய்வகம் என்றால் 0.1. நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்று தெரியாமல் தேடினால், ஒன்று தேவையில்லாததற்குப் பணம் கட்டுவீர்கள், இல்லை என்னை மாதிரி சென்சார் வாங்குவீர்கள்.

2. வேகத்தைத் தேடும் முன் தண்ணீரை அளந்துவிடுங்கள்

வெப்பநிலை, உப்பு, ஆழம் மூன்றும் சேர்ந்துதான் கடல்நீரில் ஒலிவேகத்தைத் தீர்மானிக்கின்றன. நம் பக்கத்துத் தண்ணீரில், 30 டிகிரி அருகே, ஒரு டிகிரி கூடினால் வேகம் சுமார் 2 மீட்டர் கூடும். ஆயிரத்தில் ஒரு பங்கு உப்பு கூடினால் சுமார் 1 மீட்டர். பத்து மீட்டர் ஆழம் இறங்கினால் வெறும் 0.16. வடகடல் ஆழமில்லாத கடல் என்பதால் ஆழத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். உழைப்பு முழுவதையும் வெப்பநிலையில் போடுங்கள்.

டி.எஸ்.18பி20 என்ற வெப்பநிலை சென்சார், நீர் புகாத உறையோடு, இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதன் பிசகு அரை டிகிரி. பூஜ்யத்தைச் சரிபார்க்க ஐஸ் பிளான்ட்டில் ஒரு துண்டு ஐஸ் வாங்கி, நன்றாகப் பொடித்து, நல்ல தண்ணீர் கொஞ்சம் ஊற்றிக் கலக்கி, சென்சாரை நடுவில் செருகிப் பத்து நிமிடம் விடுங்கள். மீன் பெட்டியில் கிடந்த ஐஸை எடுக்காதீர்கள். உப்பு ஏறியிருக்கும், பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். நான் முதலில் எடுத்தது அதைத்தான்.

இன்னொரு தப்பும் செய்தேன். வாளியில் மொண்டு, வல்லத்தின் தளத்தில் வைத்து, சாவகாசமாக வெப்பநிலை பார்த்தேன்: 33.4. கடலுக்குள்ளேயே சென்சாரை இறக்கினால் 31.5. அந்த வாளி ஒன்றிலேயே வேகத்தில் 4 மீட்டர் போயிற்று.

உப்புக்கு, இறால் பண்ணைகளில் வைத்திருக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பைக் காட்டும் கருவி) போதும். நான் வாங்கியது இரண்டாயிரம் ரூபாய்க்குள். ஒரு சொட்டு விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடுதான் அளவு. பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடி நீரை விட்டுப் பூஜ்யத்தில் நிறுத்திக்கொண்டு தொடங்குங்கள். பாட்டிலில் பிடித்த நீரை வெயிலில் வைக்காதீர்கள். மழை பெய்த மறுநாள் மேல்தண்ணீரை மட்டும் எடுத்து ஏமாறாதீர்கள். நல்ல தண்ணீர் மேலே மிதந்துகொண்டிருக்கும்.

செயற்கைக்கோள் தரவுகளையோ, பெருங்கடலில் தானாக மிதந்து வெப்பநிலையும் உப்பும் அளக்கும் ஆர்கோ மிதவைகளின் தரவுகளையோ வைத்து ஒப்பேற்றலாமா என்று கேட்பார்கள். ஆர்கோ மிதவைகள் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் மிதந்து, இரண்டாயிரத்திலிருந்து மேலே வருபவை. பாக் விரிகுடாவுக்குள் அவற்றுக்கு இடமே இல்லை. உலகக் கடல் வரைபடங்களின் கட்டங்களும் நம் கரைக்குப் பெரிது. ஒரே கட்டத்தில் தீவு, கால்வாய், தென்கடல், வடகடல் எல்லாம் விழுந்துவிடும்.

3. நல்ல தண்ணீர், அம்மோனியா, வாயுக்கள்: நிஸ்ட் வெப்புக்

அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் நடத்தும் வேதியியல் வெப்புக் இலவசம். பதிவு செய்யவும் வேண்டாம். அதில் பாய்மங்களின் பண்புகள் என்ற பிரிவுக்குப் போங்கள். தண்ணீர், நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, ஐஸ் பிளான்ட்டில் ஓடும் அம்மோனியா என்று எழுபதுக்கு மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றன.

முதல் வேலை அலகு. அது தானாக கெல்வினில்தான் தொடங்கும், செல்சியஸுக்கு மாற்றுங்கள். அடுத்து, அழுத்தம் மாறாத அட்டவணையைத் தேர்ந்தெடுத்து, அழுத்தத்தில் 0.101325 மெகாபாஸ்கல் போடுங்கள். நான் ‘திறந்த பாத்திரம்தானே’ என்று பூஜ்யம் போட்டேன். அங்கே கேட்பது முழு அழுத்தம். காற்றின் அழுத்தமும் அதில் சேர்த்தி. பிறகு வெப்பநிலை 20 முதல் 40 வரை, ஒரு டிகிரி இடைவெளி என்று கொடுத்தால் அட்டவணை வரும். ஒலிவேகம் ஒரு தனிப் பத்தி. கடைசிப் பத்தியில் திரவமா ஆவியா என்று இருக்கும், அதையும் பாருங்கள். பக்கத்தின் அடியில் எந்த ஆய்விலிருந்து எடுத்தது, பிசகு எவ்வளவு என்றும் இருக்கும். அதையும் சேர்த்து நகலெடுத்து வையுங்கள், அறிக்கையில் கேட்பார்கள்.

கலவைகளுக்கு நிஸ்ட்டின் ரெஃப்ப்ராப் மென்பொருள் இருக்கிறது. விலை சில நூறு டாலர். மாணவருக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. பைதான் நிரல்மொழி தெரிந்தால், இதே வேலையைச் செய்யும் கூல்ப்ராப் தொகுப்பு இலவசம்.

வெப்புக்கில் கடல்நீர் கிடையாது. தேடி ஒரு மாலை நேரத்தை வீணாக்காதீர்கள்.

4. கடல்நீர்: சமன்பாட்டுக்கு முன்னால் அதன் எல்லை

நான் அதிகம் தடுக்கி விழுந்தது இங்கேதான்.

இணையத்தில் அதிகம் கிடைப்பது மெக்கன்சி 1981இல் தந்த ஒன்பது உறுப்புச் சமன்பாடு. எளிது, அழகு. அதன் எல்லை: வெப்பநிலை 2 முதல் 30 டிகிரி, உப்பு ஆயிரத்தில் 25 முதல் 40, ஆழம் 8000 மீட்டர் வரை. துல்லியத்துக்குப் பெயர்போன டெல் குரோசோவின் 1974 சமன்பாடும் 30 டிகிரியோடு நின்றுவிடுகிறது. திறந்த பெருங்கடல் பெரும்பாலும் 30க்குள் அடங்கிவிடும் என்பதால் அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. சித்திரை வைகாசியில் நம் கடலுக்குப் போதாது. மண்டபம் பக்கம் பவளப்பாறைகள் வெளுத்துப்போகும் அளவுக்குச் சூடேறும் தண்ணீர் இது.

31.5 டிகிரியை மெக்கன்சியில் போட்டுப் பார்த்தேன்: 1546.4 வந்தது. எல்லைக்குள் வரும் சமன்பாடு 1546.6 தருகிறது. 0.2தானே வித்தியாசம், விடு என்று தோன்றும். எக்கோவுக்கு விடலாம். ஆனால் அறிக்கையில் எழுதினால், எல்லை தெரிந்த தேர்வாளர் அங்கேயே பிடிப்பார். எல்லைக்கு வெளியே வந்த எண் சரியாகவே இருந்தாலும் அதற்கு யாரும் பொறுப்பில்லை.

நம் கரைக்குப் பொருந்துவது சென், மில்லரோ இருவரும் 1977இல் தந்த சமன்பாடு. 0 முதல் 40 டிகிரி, உப்பு 0 முதல் 40. ஆற்றங்கரை ஊர்ப் பக்கம் வைகைத் தண்ணீர் கலந்து உப்பு 25க்குக் கீழே இறங்கும் நாளிலும் இது நிற்கும், மெக்கன்சி நிற்காது. ஆழ்கடலில் இது வேகத்தை அரை மீட்டர் அளவுக்குக் கூட்டிக் காட்டுகிறது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். வடகடலில் ஆழ்கடலே இல்லை, அதனால் நமக்குக் கவலை இல்லை. யுனெஸ்கோ 1983இல் வெளியிட்ட கடல் அறிவியல் தொழில்நுட்ப வெளியீடு 44ஆம் எண்ணில் முழுச் சமன்பாடும், அதற்கான கணினி நிரலும், சரிபார்ப்பு எண்ணும் உள்ளன. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வேறு எதையும் இறக்காவிட்டாலும் இதை இறக்குங்கள்.

கடல்நீர்ப் பண்புகளைக் கணக்கிட இப்போதைய உலகத் தரம் 2010இல் வந்த டியோஸ்-10. பைதானில் அதன் தொகுப்பு இலவசம். பொறி ஒன்றே ஒன்று: அது கேட்பது நீங்கள் அளந்த உப்பும் வெப்பநிலையும் அல்ல. அளந்த 35 அங்கே 35.165 ஆக மாற வேண்டும். வெப்பநிலைக்கும் தனி மாற்றம் உண்டு. மாற்றித் தரும் கட்டளைகள் அதே தொகுப்பில் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்து நேரே வேகத்தைக் கேட்டால் ஒரு பிழைச் செய்தியும் வராது, தப்பான எண் மட்டும் வரும்.

5. ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்

மெட்வின் 1975இல் தந்த எளிய சமன்பாடு 35 டிகிரி வரை, உப்பு 45 வரை, ஆயிரம் மீட்டர் ஆழம் வரை செல்லும். கால்குலேட்டர் போதும். வெ என்பது செல்சியஸ் வெப்பநிலை, உ ஆயிரத்தில் உப்பு, ஆ மீட்டரில் ஆழம்:

வேகம் = 1449.2 + 4.6 வெ − 0.055 வெ² + 0.00029 வெ³ + (1.34 − 0.010 வெ)(உ − 35) + 0.016 ஆ

என் வல்லத்துக் கணக்கு: வெ 31.5, உ 33. ஒலி 4 மீட்டர் நெடுகப் போய்வருவதால் ஆ என்பதில் பாதி, 2. வரிசையாக 1449.2, 144.9 கூட்டு, 54.57 கழி, 9.06 கூட்டு, உப்புக்காக 2.05 கழி, ஆழத்துக்காக 0.03 கூட்டு. 1546.6. கருவி காட்டிய 3.88ஐ 1546.6ஆல் பெருக்கி 1500ஆல் வகுத்தேன். சரியாக 4.00. வல்லத்தில் தனியாகக் கத்தியது நான்தான்.

கயிற்றையும் கண்மூடி நம்ப வேண்டாம். நீரோட்டம் இழுத்தால் கயிறு சாய்ந்து ஆழம் கூடித் தெரியும். நனைந்த கயிற்றை டேப் வைத்து ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

6. சரிபார்ப்பு எண் இல்லாமல் எந்த நிரலையும் நம்பாதீர்கள்

சமன்பாடுகளைத் தட்டச்சு செய்யும்போது குறி மாறிப்போவது, ஒரு பூஜ்யம் விழுந்துபோவது சாதாரணம். நகலெடுத்தவரைப் பார்த்து நகலெடுத்தவர்கள்தான் இணையத்தில் அதிகம். அதனால் எக்செல்லோ பைதானோ, முதலில் இந்த எண்கள் வருகின்றனவா பாருங்கள்.

மெக்கன்சியில் 25 டிகிரி, உப்பு 35, ஆழம் 1000 மீட்டர்: 1550.744. யுனெஸ்கோ நிரலில் 40 டிகிரி, உப்பு 40, அழுத்தம் 10000 டெசிபார்: 1731.995. மேலே தந்த மெட்வினில் 30 டிகிரி, உப்பு 35, ஆழம் பூஜ்யம்: 1545.53. உப்பில்லாத தூய நீருக்கு, காற்றழுத்தத்தில், 20 டிகிரியில் 1482.3, 25இல் 1496.7, 30இல் 1509.1.

யுனெஸ்கோ நிரலில் கடல் மட்டத்து அழுத்தம் பூஜ்யம். நிஸ்ட்டில் 0.101325. இரண்டையும் ஒரே நாளில் பயன்படுத்தினால் கட்டாயம் குழம்புவீர்கள். தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். 1990க்கு முந்தைய சமன்பாடுகள் பழைய வெப்பநிலை அளவுகோலில் இருப்பவை என்று யாராவது பயமுறுத்தலாம். 30 டிகிரியில் வித்தியாசம் 0.007 டிகிரி. ஆய்வகக்காரர் அல்லாதவர் அதை மறந்துவிடலாம்.

தூய நீர் எண்களை வைத்து உங்கள் கருவியையே சோதிக்கலாம். வாலைவடி நீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மெதுவாக ஊற்றுங்கள். குழாயிலிருந்து நேரே பிடித்த நீரில் கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குமிழிகள் இருக்கும். கொஞ்சம் குமிழி இருந்தாலே வேகம் தலைகீழாக விழும். அலை உடையும் இடத்தில் கருவி உளறுவதும் இதனால்தான்.

7. மூலக் கட்டுரை வேண்டுமென்றால்

மெக்கன்சி, டெல் குரோசோ, சென்–மில்லரோ மூன்றும் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் வந்தவை. தனியாக வாங்கினால் ஒரு கட்டுரைக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். கார்டை எடுக்கும் முன் கல்லூரி நூலகரைப் பாருங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் அரசுக் கல்வி நிறுவன மாணவர்களுக்குப் பல ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. உங்கள் கல்லூரியும் அந்த இதழும் பட்டியலில் உண்டா என்று அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். தனியார் கல்லூரி என்றால், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது, தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம், கல்லூரி அடையாள அட்டை இரண்டும் இல்லாமல் போகாதீர்கள். முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் மிச்சம்.

8. அட்டவணையே இல்லாத திரவங்கள்

வாலிநோக்கம் பக்கத்து உப்பளப் பாத்தி நீருக்கு மேலே சொன்ன எந்தச் சமன்பாடும் செல்லாது. உப்பு 45ஐத் தாண்டியதும் எல்லாம் முடிந்தது. டீசல், மீன் எண்ணெய் இரண்டும் ஒரு லோடுக்கும் அடுத்த லோடுக்கும் மாறுபவை. இவற்றுக்கு இணையத்தில் ஒற்றை எண் கொடுப்பவரை நம்பவே வேண்டாம். தூரம் தெரிந்த பாத்திரத்தில் நீங்களே அளப்பதுதான் வழி. அளவுக்கோலாகத் தூய நீரை முதலில் அளந்து, அப்புறம் அந்தத் திரவம்.

குறி விஷயத்தில் கவனம். பெரும்பாலான திரவங்களில் சூடு ஏற ஏற வேகம் இறங்கும். தண்ணீர் மட்டும் அடம்: சுமார் 74 டிகிரி வரை ஏறிக்கொண்டே போய், 1555 அருகே உச்சம் தொட்டு, பிறகுதான் இறங்கும். தண்ணீருக்கு எழுதிய திருத்தத்தை டீசலில் போட்டால் பிழை குறையாது, கூடும்.

9. காற்றில் அளப்பவர்களுக்கு

பாலத்திலிருந்து கீழே நீர்மட்டத்தைக் காற்றுவழி சென்சாரால் அளப்பவர்கள் 343 போடுகிறார்கள். அது 20 டிகிரிக் காற்று. பாம்பனில் எந்த மதியத்தில் 20 டிகிரி இருக்கிறது? 331.3உடன், வெப்பநிலையை 0.606ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்; 32 டிகிரிக்கு 350.7. நம் கடற்கரைப் புழுக்கம் இன்னும் ஒன்றிரண்டு மீட்டர் கூட்டும். ஈரப்பதத்தையும் சேர்க்கும் கிரேமரின் 1993 சமன்பாடும் 30 டிகிரியோடு முடிகிறது என்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது.

10. அனுமதி, காலம்

தென்கடலில் மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் கருவி இறக்க வேண்டுமென்றால் ராமநாதபுரத்தில் உள்ள வனத்துறை வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முதலில் எழுத்துமூலம் கேளுங்கள். வாரக்கணக்கில் ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். வடகடலானாலும் கல்லூரிக் கடிதமும் ஆதாரும் படகில் இருக்கட்டும். கடலோரக் காவல் படை கேட்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும், உரிமையாளர்களுக்குப் பேச நேரம் இருக்கும், எக்கோவைத் திறந்து காட்டச் சம்மதிப்பார்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) எழுந்தபின் தென்கடல் விடாது, வடகடலில் வேலை பாருங்கள். வாடை எழுந்துவிட்டால் நேர்மாறு.

ஒரே பருவத்தில் எடுத்த எண்ணை வருடம் முழுக்க ஓட்டாதீர்கள். மார்கழியில் அதே இடத்தில் இறக்கினேன்: 26.5 டிகிரி, உப்பு 29. வேகம் 1531.5. சித்திரை எண்ணை மாற்றாமல் விட்டிருந்தால் 4 மீட்டரை 4.04 என்று காட்டியிருக்கும். கூட வந்த நண்பன் கைபேசியில் என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் திறந்து நீட்டினான்: கடல்நீர், 25 டிகிரி, 1531. “புத்தகத்துல சரியாத்தானேடா போட்டிருக்கான், நீ எதுக்கு இவ்வளவு அலைஞ்ச?” என்றான். சித்திரையில் அவனையும் வல்லத்தில் ஏற்றுவதாக இருக்கிறேன். கயிறு பிடிக்க ஆள் வேண்டும்.